யாருடைய மரம்?

(விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் தாலுகா மாநாட்டையொட்டி நடந்த பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை. பஞ்சாலைத் தொழிலாளத் தோழர்களும் திரளாக வந்திருந்தனர்.)



கூலி உயர்வைப் பற்றியும் வீட்டுமனைப் பட்டாவைப் பற்றியும் எனக்கு முன் பேசிய தோழர்கள் விளக்கமாகச் சொல்லிவிட்டார்கள். எனக்கு ஒதுக்கியிருக்கும் விஷயம் மரம். “இதென்ன, வனமகோத்சவக் கூட்டமா?” என்று பின்னால் ஒரு தோழர் சிரிக்கிறார். சிரிக்கட்டும். முடிகிறவரை எழுந்து போகாமல் இருந்தால் போதும்.

எங்கள் ஊர் மலையடிவாரம். 1990-ம் வருஷம், எனக்குப் பத்து வயசு. என் அம்மாவும் இன்னும் நாலைந்து பெண்களும் கோழி கூப்பிடும் நேரத்துக்குக் காட்டுக்குப் போய், காய்ந்த சுள்ளி பொறுக்கிக் கட்டிக்கொண்டு வருவார்கள். அடுப்பெரிக்கப் பாதி, விற்கப் பாதி. ஒருநாள் பாரஸ்ட் கார்டு மறித்தார். சுமையை இறக்கச் சொன்னார். அரிவாளைப் பிடுங்கிக்கொண்டார். ஐம்பது ரூபாய் கட்டு என்றார். அன்றைக்கு அம்மாவுக்கு ஒருநாள் களையெடுப்புக் கூலி எட்டு ரூபாய். அரிவாள் திரும்ப வரவேயில்லை. அதே வாரத்தில் அதே மலையிலிருந்து லாரி லாரியாக மரம் இறங்கிற்று. அது காண்டிராக்ட் மரம். அதற்குச் சீட்டு இருந்தது. சுள்ளிக்குச் சீட்டு இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

இது ஏதோ என் அம்மாவின் கதை என்று நினைக்காதீர்கள். இங்கே உட்கார்ந்திருக்கும் தாய்மார்களில் பாதிப்பேருக்கு இந்தக் கதை உண்டு. ஜெர்மனியிலும் உண்டு. 1841-ல் ரைன் மாகாணத்தில், காட்டில் தானாக விழுந்து கிடக்கும் சுள்ளியைப் பொறுக்குவதும் திருட்டே என்று பணக்காரர்களின் சபை சட்டம் பேசிற்று. காலங்காலமாக ஏழைகள் பொறுக்கி வந்த சுள்ளி அது. மரத்திலிருந்து விழுந்துவிட்ட குச்சி மரக்காரன் சொத்து எப்படி ஆகும், அதைப் பொறுக்குவது ஏழையின் வழக்க உரிமை அல்லவா என்று 1842-ல் ஒரு பத்திரிகையில் வரிசையாகக் கட்டுரை எழுதினார் ஓர் இளைஞர். வயசு 24. அவர்தான் கார்ல் மார்க்ஸ். பொருளாதாரப் பிரச்சினைகளை ஆராயத் தன்னை முதலில் உந்தியவற்றில் இந்த விறகு விவகாரமும் ஒன்று என்று பிற்பாடு, 1859-ல், அவரே எழுதியிருக்கிறார். ஆகவே தோழர்களே, விறகைப் பற்றிப் பேசுவது சின்ன விஷயம் என்று யாரும் எண்ண வேண்டாம்.

மரம் நல்லது என்று எல்லோரும் சொல்கிறார்கள். மந்திரி நடுகிறார், கலெக்டர் நடுகிறார், மில் முதலாளியும் நடுகிறார். படம் பத்திரிகையில் வருகிறது. அடுத்த வருஷம் போய்ப் பாருங்கள்: குழி இருக்கும், கன்று இருக்காது. சில வருஷம் அதே குழியில் மறுபடியும் நடுவார்கள். ஏன் இப்படி? மண் கெட்டதா, மழை பொய்த்ததா, ஆடு மேய்ந்ததா? இவையெல்லாம் உண்டு. ஆனால் இவற்றுக்கு மேலே ஒரு கேள்வி இருக்கிறது. அது யாருடைய மரம்?

இந்தக் கேள்வியை ஒரு தேசமே கேட்டுப் பதில் கண்ட கதையைச் சொல்கிறேன்.

நைஜர் நாட்டின் அனுபவம்

ஆப்பிரிக்காவில் நைஜர் என்று ஒரு நாடு. நைஜீரியா அல்ல, அதற்கு வடக்கே, சகாரா பாலைவனத்தின் ஓரத்தில் இருப்பது. 1960 வரை பிரெஞ்சு ஏகாதிபத்தியத்தின் காலடியில் கிடந்தது. நாட்டின் தெற்கே மராடி, ஜிண்டர் என்ற பகுதிகளில் விவசாயிகள் நம் மானாவாரிக் காடுகளைப் போலவே கம்பும் சோளமும் போடுகிறார்கள். மூன்று நாலு மாசம் மழை; மீதி நாளெல்லாம் வெயிலும் மணல் காற்றும்.

பிரெஞ்சுக்காரர்கள் 1935-ல் ஒரு சட்டம் போட்டார்கள். அந்தச் சட்டத்தை வைத்துக்கொண்டு அதிகாரிகள் நடத்திய நடைமுறையில் மரமெல்லாம் சர்க்கார் சொத்து என்று ஆயிற்று. விவசாயியின் சொந்தப் புன்செயில் நிற்கும் மரத்தின் கிளையை வெட்டவும் அனுமதி வேண்டும். வெட்டினால் அபராதம், மிஞ்சினால் ஜெயில். பிரெஞ்சுக்காரன் போனான், சட்டம் போகவில்லை. நம் கதையும் அதுதானே? 1882-ல் வெள்ளைக்காரன் போட்ட சென்னை வனச் சட்டம் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது. பெயரில் ‘சென்னை’ போய்த் ‘தமிழ்நாடு’ வந்திருக்கிறது.

இதன் விளைவு என்ன? நைஜர் விவசாயி யோசித்தான். இந்தச் செடி வளர்ந்து மரமானால் நிழல் எனக்கு, மரம் சர்க்காருக்கு, வம்பும் எனக்கு. முளைக்கும்போதே பிடுங்கிவிட்டால் தொல்லை இல்லை. விவசாய இலாகாவும் கட்டையைத் தோண்டி எறி, நிலத்தைச் சுத்தமாக வை, நேர்கோட்டில் விதை என்று உபதேசம் செய்தது. ஆக மரத்தைக் காப்பாற்ற வந்த சட்டமே மரத்தை அழித்தது. 1968 முதல் 1973 வரை பெரும் பஞ்சம். 1984-ல் மறுபடியும் பஞ்சம். மரம் இல்லாத பூமியில் காற்று மணலை வாரி அடித்தது. முளைத்த கம்புப் பயிரை மணல் மூடிவிடும். திரும்ப விதைக்க வேண்டும். மறுபடியும் மூடும், மறுபடியும் விதை. ஒரே பருவத்தில் மூன்று நாலு தடவை விதைத்தவர்கள் உண்டு. விதைத் தானியத்துக்குக் கடன் வாங்கிப் பழகிய நமக்கு அதன் அர்த்தம் தெரியும்.

சர்க்காரும் வெளிநாட்டு ஸ்தாபனங்களும் நாற்றுப்பண்ணை வைத்துக் கோடிக்கணக்கில் கன்று நட்டார்கள். பெரும்பகுதி பட்டுப்போயிற்று.

1983-ல் டோனி ரினாடோ என்ற ஆஸ்திரேலியர் மராடிப் பக்கம் மரக்கன்றுகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். அவர் கிறிஸ்தவ ஊழியத்துக்குப் போனவர். நம் ஆள் இல்லை. அதனாலென்ன, நல்ல சங்கதி எங்கிருந்து வந்தாலும் நல்ல சங்கதிதான். மணலில் ஓட்டுவதற்காக டயரில் காற்றை இறக்க வண்டியை நிறுத்தினார். பக்கத்தில் ஒரு புதர். அதன் இலையைப் பார்த்தார். அது புதரே அல்ல. என்றைக்கோ வெட்டிய மரத்தின் அடிக்கட்டையிலிருந்து கிளம்பிய துளிர். மேலே பாலைவனம்; பூமிக்கடியில் வேரெல்லாம் உயிரோடு இருக்கிறது! கன்று நட வேண்டிய அவசியமே இல்லை. ஏற்கெனவே இருக்கிற மரத்தை எழும்பவிட்டால் போதும்.

வேலையும் சுலபம். ஓர் அடிக்கட்டையிலிருந்து இருபது முப்பது குச்சி கிளம்பும். நல்லதாக நாலைந்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதைக் கழித்துவிட வேண்டும். விட்ட குச்சியிலும் பக்கக் கிளைகளைப் பாதி உயரம்வரை சீவிவிட வேண்டும். வருஷத்துக்கு ஒரு தண்டை விறகுக்கு வெட்டிக்கொண்டு, இன்னொரு துளிரை அதனிடத்தில் வளரவிட வேண்டும். இப்படிச் செய்தால் வெட்டிக்கொண்டே இருக்கலாம், மரமும் நின்றுகொண்டே இருக்கும். காட்டை நீடித்துப் பயன்படுத்துவது என்று பெரிய பெரிய புத்தகங்களில் எழுதுகிறார்களே, அதன் சாரம் இதுதான்: முதலைத் தொடாதே, வட்டியை எடு. வாழ்நாளெல்லாம் வட்டி கட்டியே பழகிய நாம் ஓரிடத்திலாவது வட்டி வாங்கிப் பார்க்கலாம்!

ஆனால் நுட்பம் தெரிந்தால் மட்டும் போதுமா? வளர்த்த மரம் தன்னுடையது என்ற நம்பிக்கை வர வேண்டும். எண்பதுகளில் அந்தப் பகுதியில் வனத்துறை தன் பிடியைக் கொஞ்சம் தளர்த்திற்று. வளர்த்தவன் வெட்டிக்கொள்ளலாம் என்று கண்டும் காணாமலும் விட்டது. அங்கேதான் கதை திரும்பிற்று. முதலில் சிலபேர், பக்கத்துக்காரர்கள் கேலி செய்தார்கள், ராத்திரியில் வந்து வெட்டிக்கொண்டும் போனார்கள். பிறகு ஊர்க்குழு போட்டுக் காவல் வைத்தார்கள். பிறகு ஊருக்கு ஊர் பரவிற்று. இருபது வருஷத்தில் சுமார் 50 லட்சம் ஹெக்டேரில், அதாவது நம் கணக்கில் 1 கோடியே 25 லட்சம் ஏக்கர் அளவுக்கு, 20 கோடி மரம் எழும்பிவிட்டது. ஏக்கருக்குப் பதினாறு மரம். ஆகாயத்திலிருந்து எடுத்த படங்களை ஒப்பிட்டு ஆராய்ச்சியாளர்கள் கண்டறிந்த கணக்கு இது. பெரிய அணை இல்லை, அந்நியக் கடன் இல்லை. விவசாயிகளின் கையும் வெட்டுக்கத்தியும்தான்.

பலன் என்ன? காற்று அடங்கிற்று, ஒரே விதைப்பில் பயிர் நின்றது. வருஷத்துக்கு 5 லட்சம் டன் தானியம் கூடுதல், 25 லட்சம் பேருக்குச் சாப்பாடு என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். விறகுக்காக ஒரு பெண் நாளைக்கு இரண்டரை மணி நேரம் அலைந்தது அரை மணியாகக் குறைந்தது. என் அம்மாவை நினைத்துக்கொண்டேன், இந்தக் கணக்கைப் படித்தபோது. 2005-ல் மறுபடியும் பஞ்சம் வந்தது. மரம் வைத்திருந்த ஊர்களில் கிளையை வெட்டி விற்றுத் தானியம் வாங்கித் தாக்குப்பிடித்தார்கள். கடைசியில் 2020-ல், விவசாயி எழுப்பிய மரம் விவசாயிக்கே சொந்தம் என்று சர்க்காரும் உத்தரவு போட்டது. ஜனங்கள் செய்து முடித்ததற்குச் சர்க்கார் பின்னால் வந்து முத்திரை குத்திற்று. பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது.

நைஜர் சொர்க்கமாகிவிட்டது என்று சொல்ல வரவில்லை. இன்றும் உலகத்தின் மிக ஏழை நாடுகளில் ஒன்றுதான். ஆனால் மரத்தைப் பொறுத்தமட்டில் உலகத்துக்கே பாடம்.

மரத்தடியில் பயிர் வருமா?

“மரம் நின்றால் நிழல் விழும், பயிர் சவலையாகும்” என்று நம் விவசாயத் தோழர்கள் சொல்வார்கள். அது பொய் அல்ல. நெல் வயலின் நடுவில் வேப்பமரம் நின்றால் சுற்றிலும் கதிர் சிறுக்கும். எந்த மரம், எங்கே, எவ்வளவு கவாத்து என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. நைஜரில் ‘காவோ’ என்று ஒரு மரம். நம் வேல மரத்தின் சாதிக்காரன். அது ஊருக்கெல்லாம் எதிர்மாறு. மழைக்காலத்தில் இலையை உதிர்த்துவிட்டு மொட்டையாக நிற்கும், கோடையில் தழைக்கும். பயிர் இருக்கும்போது நிழலும் இல்லை, தண்ணீர்ப் போட்டியும் இல்லை. உதிர்ந்த இலை உரமாகிறது. வேர் காற்றிலுள்ள தழைச்சத்தை இழுத்து மண்ணில் சேர்க்கிறது. கோடையில் மாட்டுக்கு நெற்றும் நிழலும். காவோ மரத்தடியில் கம்பு மற்ற இடத்தைவிட நன்றாக விளைகிறது.

நம் தேசத்திலும் இதற்கு அண்ணன் தம்பிகள் உண்டு. ராஜஸ்தானத்தில் கம்பங்கொல்லை நடுவே வன்னி மரத்தை வெட்டாமல் விட்டு வைப்பார்கள். (சீமைக்கருவேலைச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள், அது வேறு, நம் குளங்களைப் பிடித்துக்கொண்ட சனியன் அது.) இவ்வளவு தூரம் போவானேன்? நம் காங்கயம், தாராபுரம் பக்கத்துக் கொரங்காட்டைப் பாருங்கள். சுற்றிலும் கிளுவை உயிர்வேலி. உள்ளே கொழுக்கட்டைப் புல். நடுநடுவே வெள்வேல மரம். புல் காய்ந்த கோடையில் வெள்வேல நெற்று உதிரும். அதைத் தின்றுதான் ஆடும் மாடும் பிழைத்துக் கிடக்கும். காங்கயம் மாடு என்று உலகம் புகழ்கிறதே, அது வளர்ந்த வீடு இந்தக் கொரங்காடு. ஒரு காலேஜும் சொல்லிக்கொடுக்காமல் நம் பாட்டன் பூட்டன் கண்ட விஞ்ஞானம் அது. இப்போது அதில் கல் நட்டு ‘சைட்’ போடுகிறார்கள். வெட்டிய வெள்வேலும் வேம்பும் சாயப்பட்டறை பாய்லருக்குப் போகின்றன. மில் தோழர்களுக்குத் தெரியும், உங்கள் கேட் வழியாக எத்தனை லாரி விறகு உள்ளே போகிறது, அது எங்கிருந்து வருகிறது என்று.

மரம் வேறு, மரப்பண்ணை வேறு

இங்கே ஓர் எச்சரிக்கை. மரம் என்றவுடன் கையைத் தட்டிவிடக் கூடாது. எண்பதுகளில் பக்கத்துக் கர்நாடகத்தில் உலக வங்கிக் கடனில் ‘சமூகக் காடு’ என்று ஆரம்பித்தார்கள். கோலார் ஜில்லாவில் பெரிய நிலக்காரர்கள் கேழ்வரகுக் காட்டை அழித்துவிட்டுத் தைலமரம் நட்டார்கள். ஏன் தெரியுமா? கேழ்வரகுக்கு உழ வேண்டும், களை எடுக்க வேண்டும், அறுக்க வேண்டும், கூலி கொடுக்க வேண்டும். கூலிக்காரன் சங்கம் வைத்துவிட்டால் தலைவலி. தைலமரத்துக்கு நட்டுவிட்டு டவுனுக்குப் போய்விடலாம். சில வருஷம் கழித்துக் காகித ஆலை லாரி வரும். நிலக்காரனுக்கு லாபம், ஆலைக்காரனுக்கு மலிவுச் சரக்கு, விவசாயத் தொழிலாளிக்கு? வேலையும் போயிற்று, ராகிக் களியும் போயிற்று. 1983-ல் தும்கூர்ப் பக்கத்து விவசாயிகள் வனத்துறை நாற்றுப்பண்ணைக்குள் புகுந்து தைலக்கன்றுகளைப் பிடுங்கி எறிந்தார்கள். பத்திரிகைகள் அவர்களை மரத்தின் விரோதிகள் என்று எழுதியிருக்கலாம். எனக்கு அவர்கள் பக்கம்தான் நியாயம் தெரிகிறது. 2017-ல் புதிதாகத் தைலமரம் நடக் கூடாது என்று கர்நாடக சர்க்காரே தடை போட நேர்ந்தது.

பயிரோடு மரம் என்றால் வேலை கூடும்: கவாத்து, தழை அறுப்பு, நெற்று பொறுக்குதல், ஆடு வளர்ப்பு. பயிருக்குப் பதில் மரம் என்றால் வேலை ஒழியும். யாராவது உங்கள் ஊரில் மரத்திட்டம் கொண்டுவந்தால், இதில் வருஷத்துக்கு எத்தனை நாள் கூலி இருக்கிறது என்று முதலில் கேளுங்கள்.

நிலமில்லாதவனுக்கு என்ன?

இப்போது உங்கள் மனசில் இருக்கும் கேள்விக்கு வருகிறேன். “நைஜர் விவசாயிக்குச் சொந்த நிலம் இருக்கிறது. அவன் மரம் அவனுக்கு. எனக்கு ஒரு செண்டுகூட இல்லையே, எனக்கு எந்த மரம்?” நியாயமான கேள்வி. இதற்கு நைஜரில் பதில் இல்லை. நிலக்காரனுக்கே மரம் என்று ஆகிவிட்டால், சுள்ளி பொறுக்கும் பெண்ணை நேற்று கார்டு மறித்தது போல நாளைக்கு நிலக்காரன் மறிப்பான்.

மேற்கு வங்கத்தில் அன்றைய மேதினிபூர் ஜில்லாவில் அரபாரி என்று ஓர் இடம். சால மரக் காடு. சுற்றிலும் பதினோரு கிராமங்கள். ஏழைகள் திருட்டுத்தனமாக வெட்டி டவுனில் விற்றுப் பிழைத்தார்கள். காடு மொட்டையாயிற்று. 1972 வாக்கில் அஜித் குமார் பானர்ஜி என்ற வன அதிகாரி வேறு வழி பார்த்தார். 618 குடும்பங்களோடு பேசினார். 1,272 ஹெக்டேர் காட்டை நீங்கள் காவுங்கள், யாரும் வெட்டாமல் பாருங்கள். நடுகிற வேலையும் வெட்டுகிற வேலையும் உங்களுக்கு. விறகும் புல்லும் எடுத்துக்கொள்ளுங்கள். மரம் விற்ற பணத்தில் நாலில் ஒரு பங்கு உங்களுக்கு. காவலாளி துப்பாக்கியால் முடியாதது இந்தப் பங்கால் முடிந்தது. சால மரமும் அடிக்கட்டையிலிருந்து துளிர்க்கிற சாதி. பத்துப் பதினைந்து வருஷத்தில் காடு மறுபடியும் எழுந்து நின்றது. 1989-ல் மேற்கு வங்க சர்க்கார் இதை உத்தரவாகவே போட்டது.

நாலில் ஒரு பங்கு போதுமா? போதாது. காத்தவனுக்குக் கால், சர்க்காருக்கு முக்கால் என்ன நியாயம்? அதுவும் ஓர் அதிகாரியின் நல்ல மனசில் வந்த சலுகை. 2006-ல் வந்த வன உரிமைச் சட்டம் இதைத் தாண்டிப் போகிறது. மலைவாழ் மக்களுக்கும், மூன்று தலைமுறையாகக் காட்டை நம்பி வாழ்கிற மற்றவர்களுக்கும், காட்டைக் காக்கவும் அனுபவிக்கவும் சமூக உரிமை உண்டு என்று சொல்கிறது. தமிழ்நாட்டில் நீதிமன்ற உத்தரவு ஒன்றால் பல வருஷம் பட்டா கொடுக்காமலே கிடந்தது. 2016-ல் சுப்ரீம் கோர்ட் அந்தத் தடையை நீக்கிற்று. மலையடிவாரத்துத் தோழர்கள் உங்கள் கிராமசபையில் இந்தச் சட்டத்தின்படி மனு போட்டீர்களா?

சமவெளியில் இருப்பவர்களுக்குக் குளம் இருக்கிறது, புறம்போக்கு இருக்கிறது, ரோட்டோரம் இருக்கிறது. 1981 முதல் சுவீடன் நாட்டு உதவியோடு நம் ஏரி குளங்களில் கருவேலம் வைத்தார்கள். மேடு வெட்டியது யார்? நாம். கன்று சுமந்தது யார்? நாம். மரம் பெருத்ததும் நான் பார்த்த ஊர்களிலெல்லாம் ஏலம். ஏலம் எடுத்தவர் வெளியூர்க்காரர். நம் பெண்கள் நெற்று பொறுக்கப் போனால் துரத்தினார். பிறகு 2005-ல் வந்த நூறு நாள் வேலைச் சட்டத்தின் கீழும் எத்தனையோ ஆயிரம் கன்று நட்டோம். நட்ட நாளுக்குக் கூலி வாங்கினோம். மரத்தில் பங்கு கேட்டோமா? கேட்கவில்லை. அது நம் சங்கத்தின் குறை, என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஆகவே இந்த மாநாட்டில் வைக்கும் கோரிக்கை இதுதான். பொது நிலத்து மரத்தை ஊரிலுள்ள நிலமற்ற குடும்பங்களின் குழுவுக்கு ஒப்படைக்க வேண்டும். காய்ந்த சுள்ளி, தழை, நெற்று, புல் இவை ஏலத்துக்கு அப்பாற்பட்டவை. கவாத்துக்கும் காவலுக்கும் கூலி தனி. விற்றால் பாதிக்குக் குறையாமல் காத்தவர்களுக்கு. தைலமரமோ சவுக்கோ அல்ல. வேம்பு, வாகை, புங்கு, உசிலை, வெள்வேல் போன்ற மரங்கள். இவையெல்லாம் வெட்ட வெட்டத் துளிர்க்கும். புங்கு வயலுக்குத் தழை உரம், வாகையும் உசிலையும் ஆட்டுக்குத் தீவனம்.

கடைசியாக ஒரு வேலை. ஆகஸ்டு 15 கிராமசபைக்கு முன்னால் ஒவ்வொரு கிளையும் தன் ஊர்ப் புறம்போக்கைச் சுற்றிப் பார்க்க வேண்டும். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். எந்த இடத்தில் எந்த மரத்தின் அடிக்கட்டை உயிரோடு இருக்கிறது, கடைசி ஏலம் எந்த வருஷம், எவ்வளவுக்கு, யார் எடுத்தார் என்று எழுதுங்கள். எழுதத் தெரியாதவர்கள் மகனையோ மகளையோ கூட்டிக்கொண்டு போங்கள். முதல் ஷிப்டு முடிந்து வரும் மில் தோழர்கள் சிலர் கூடவந்து உதவுகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் பெயரைச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன், கூட்டம் முடிந்ததும் அவரைப் பாருங்கள்.